பிராட்டில் ஸ்பெக்ட்ரோகிராம் ஒழுங்காகத் தெரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பேச்சொலியை ஆராய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. தமிழில் ல, ள, ழ வேறுபாட்டை அளக்க வரும் மாணவர்களும் இதைத்தான் திறக்கிறார்கள். திறந்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று கோளாறாகத் தெரியும். படமே வராது, அல்லது ஒரே கறுப்பாக வரும், அல்லது சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைத் திறந்தால் வரும் எடிட்டர் சாளரத்தின் கீழ்ப்பாதியில் தெரியும் படம்தான் ஸ்பெக்ட்ரோகிராம், எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டுவது. அது கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. திரையில் இப்போது எந்த நேரத்துண்டு இருக்கிறதோ அதற்கு மட்டும், இப்போது உள்ள செட்டிங்குகளை வைத்து, பிராட் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது. ஆகவே படம் கெட்டிருந்தால் பதிவு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் மாற்ற வேண்டியது ஒரு எண்ணைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிராட் கடைசியாகக் கொடுத்த செட்டிங்குகளை நினைவில் வைத்திருக்கும், மூடித் திறந்தாலும் மறக்காது. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் உங்களுக்கு முன் உட்கார்ந்தவர் குழந்தைக் குரலை அளந்திருந்தால், அவர் வைத்த எண்கள்தான் உங்கள் ஆண்குரலுக்கும் வந்து சேரும். ஒவ்வொரு செட்டிங்ஸ் பெட்டியிலும் 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்கும்போது ஸ்பெக்ட்ரோகிராம், பிட்ச் (குரலின் சுருதி), ஃபார்மண்ட் (குரல்பாதையின் ஒத்ததிர்வால் ஆற்றல் கூடும் அலைவரிசைப் பட்டை) மூன்றிலும் அதை ஒருமுறை அழுத்தி ஓகே கொடுத்துவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

படமே இல்லை, வெறும் எழுத்துதான் தெரிகிறது

அந்த எழுத்தைப் படியுங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. திரையில் 10 நொடிக்கு மேல் தெரிந்தால் பிராட் எதையும் கணக்கிடாது. 'ஷோ அனாலிசிஸ்' பெட்டியில் உள்ள 'லாங்கஸ்ட் அனாலிசிஸ்' என்ற எண்தான் இந்த எல்லை. அதை 60 ஆக்கினால் ஒரு நிமிடப் பதிவுக்கும் படம் வரும். ஆனால் அந்தப் படத்தால் பயன் குறைவு. பிராட் திரையின் அகலத்துக்கு அதிகபட்சம் 1000 இடங்களில்தான் நிறமாலையைக் கணக்கிடுகிறது. 60 நொடியை 1000 ஆக வகுத்தால் 60 மில்லிநொடிக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு கணக்கும் பார்ப்பது சுமார் 5 மில்லிநொடியை. இடையில் இருப்பதில் பெரும்பகுதி படத்தில் ஏறுவதே இல்லை. ட, ப போன்ற வெடிப்பொலிகளின் மெல்லிய கோடு அந்த இடைவெளியில் காணாமல் போகலாம்.

எல்லையை உயர்த்துவதை விட நெருங்கிப் பார்ப்பதே சரி. எடிட்டரின் இடது கீழ் மூலையில் ஐந்து சிறு பொத்தான்கள் இருக்கின்றன: ஆல், இன், அவுட், செல், பேக். வேண்டிய சொல்லை இழுத்துத் தேர்ந்தெடுத்து 'செல்' அழுத்துங்கள், அல்லது கண்ட்ரோல்+என். 'பேக்' அழுத்தினால் முன்பு பார்த்த அகலம் திரும்ப வரும். சொல் தெரியும், அதில் உயிரெழுத்தை மட்டும் பார்க்க வேண்டும், பிறகு மறுபடி சொல்லுக்கு வர வேண்டும் என்ற வேலைக்கு இந்த இரண்டு பொத்தான்களே போதும். சரியான நொடிக்குப் போக 'ஜூம்' கட்டளையில் தொடக்க, முடிவு நேரங்களைத் தட்டச்சு செய்யலாம்.

எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் 'ஷோ ஸ்பெக்ட்ரோகிராம்' குறி எடுபட்டிருக்கும். பழைய பதிப்புகளில் அது ஸ்பெக்ட்ரம் பட்டியலில் இருக்கும், புதியவற்றில் ஸ்பெக்ட்ரோகிராம் பட்டியலில். அலைவடிவம்கூட இல்லாமல் வெறும் எழுத்துக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால், சொல், ஒலி எல்லைகளைக் குறித்துவைக்கும் டெக்ஸ்ட்கிரிட்டை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறந்திருக்கிறீர்கள். ஒலியையும் டெக்ஸ்ட்கிரிட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'வியூ அண்ட் எடிட்' கொடுங்கள்.

ஒரு சாளரத்தை நகர்த்தினால் இன்னொன்றும் நகர்கிறது

வலது கீழ் மூலையில் 'குரூப்' என்ற பெட்டியில் குறி இருக்கிறது. குறி உள்ள சாளரங்கள் எல்லாம் நேரத்தால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒரே ஒலியின் இரண்டு பகுப்பாய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது நல்ல வசதி. இரண்டு பேர் சொன்ன 'பழம்' என்ற சொல்லை ஒப்பிடும்போது இதுவே தொல்லை. குறியை எடுத்துவிடுங்கள்.

படம் முழுவதும் சாம்பலாக, அழுக்காக இருக்கிறது

ஸ்பெக்ட்ரோகிராம் செட்டிங்ஸ் பெட்டியில் 'டைனமிக் ரேஞ்ச்' அதிகமாக இருக்கிறது. படத்தின் உச்சத்திலிருந்து எத்தனை டெசிபெல் கீழே போனால் வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்பதே அந்த எண். 70 என்று இருந்தால் மின்விசிறி இரைச்சலும் தெருச் சத்தமும்கூடச் சாம்பலாக ஏறும். 50-க்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் 40-க்கு. 'அப்ளை' அழுத்தினால் பெட்டி மூடாமலே படம் மாறும். ஐந்து ஐந்தாக இறக்கிப் பார்ப்பதற்கு அதுதான் வசதி.

எவ்வளவு இறக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். ம, ன, ண போன்ற மூக்கொலிகளின் மேல் ஃபார்மண்டுகள் இயல்பிலேயே மெலிந்தவை. 30-க்கு இறக்கினால் படம் பளிச்சென்று ஆகும், அந்த மேல் பட்டைகளும் சேர்ந்து மறையும். 'ண'வில் மேலே ஒன்றுமே இல்லை என்று எழுதிவைத்து, பிறகு எண்ணை ஏற்றிப் பார்த்தால் அங்கே மங்கலாக ஒரு பட்டை இருக்கும்.

உருட்டும்போது கருமை கூடியும் குறைந்தும் தெரிகிறது

இது பலரைக் குழப்புவது. அதே ஒலி, அதே செட்டிங். திரையை ஒரு நொடி நகர்த்தினால் கறுத்த உயிரெழுத்து வெளுத்துவிடுகிறது. காரணம் 'அட்வான்ஸ்டு ஸ்பெக்ட்ரோகிராம் செட்டிங்ஸ்' பெட்டியில் உள்ள 'ஆட்டோஸ்கேலிங்'. திரையில் தெரிவதிலேயே மிக உரத்த புள்ளியைக் கறுப்பாக வைத்து, மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப வெளுக்கிறது. கதவு சாத்திய சத்தமோ மைக்கில் மோதிய மூச்சோ திரைக்குள் வந்தால் பேச்சு முழுவதும் மங்கிவிடும்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் அந்தச் சத்தம் திரைக்கு வெளியே போகும்படி நெருக்கிக்கொள்ளுங்கள், போதும். இரண்டு ஒலிகளின் கருமையை ஒப்பிட வேண்டும் என்றால் ஆட்டோஸ்கேலிங்கை நிறுத்தி 'மேக்ஸிமம்' எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் 100 என்ற எண் மெல்லிய பதிவுக்கு ஒத்துவராது, படம் வெள்ளையாகிவிடும். பத்துப் பத்தாகக் குறைத்து, உயிரெழுத்தின் கீழ்ப்பட்டை நன்றாகக் கறுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன், திறந்த ஒலிகள் பட்டியலாக இருக்கும் ஆப்ஜெக்ட்ஸ் சாளரத்தில் மாடிஃபை பட்டியலின் 'ஸ்கேல் இன்டென்ஸிட்டி' மூலம் இரண்டு ஒலிகளையும் 70 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த மாற்றம் ஒலியையே மாற்றும் என்பதால் நகலில் செய்யுங்கள்.

பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில் கோடுகள் தெரிகின்றன

எந்தத் திசையில் கோடு என்று பாருங்கள். படுக்கைவசமாக, ஏணிப்படி போல அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள் இருந்தால் அவை ஹார்மோனிக்குகள், அதாவது பிட்ச் அலைவரிசையின் மடங்குகள். 'விண்டோ லெங்த்' பெரிதாக இருக்கிறது. 0.005 நொடி என்றால் பிராட்டின் அலைவரிசைப் பகுப்பு சுமார் 260 ஹெர்ட்ஸ், 0.03 நொடி என்றால் சுமார் 43 ஹெர்ட்ஸ். 43 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் ஒவ்வொரு ஹார்மோனிக்கும் தனித்தனியே பிரிந்து தெரியும், ஃபார்மண்ட் பட்டை உடைந்து போகும். 0.005-க்குத் திருப்புங்கள்.

0.005 வைத்தும் பெண்குரலில் ஏணிப்படி போகவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. குரலின் பிட்ச் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 10 மில்லிநொடி. 5 மில்லிநொடித் துண்டு அதற்குள் அடங்கும், ஒவ்வொரு குரல்வளைத் துடிப்பும் செங்குத்துக் கோடாக விழும். பிட்ச் 250 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 4 மில்லிநொடிதான். துண்டு சுற்றை விடப் பெரிதாகிவிட்டதால் ஹார்மோனிக்குகள் பிரியத் தொடங்கும். பெண்குரலுக்கும் குழந்தைக் குரலுக்கும் 0.003 வைத்துப் பாருங்கள்.

ஹார்மோனிக்குகளைத்தான் பார்க்க வேண்டும், ஏற்ற இறக்கத்தைப் படிக்க வேண்டும் என்றால் எதிர்த்திசையில் போங்கள். 0.03 அல்லது 0.04 வைத்து, 'வியூ ரேஞ்ச்' 0 முதல் 1000 ஹெர்ட்ஸ். கேள்வி வாக்கியத்தின் முடிவில் கோடுகள் ஒன்றாக மேலேறுவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மேல்பாதி வெள்ளையாக இருக்கிறது, அல்லது 'ஸ' காணவில்லை

இரண்டும் எதிரெதிரான கோளாறுகள். 'ஸ' ஒலியின் ஆற்றலில் பெரும்பங்கு 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வியூ ரேஞ்ச் 5000-இல் முடிந்தால் அது தெரியாது. 10000-க்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள். ஆனால் ஃபார்மண்ட் பார்க்க 0–5000 தான் நல்லது, எல்லையை உயர்த்த உயர்த்த உயிரெழுத்தின் பட்டைகள் கீழே நசுங்கும்.

5000 வரை வைத்தும் 4000-க்கு மேல் கத்தியால் வெட்டியது போல வெள்ளையாக இருந்தால், அந்த ஒலி நொடிக்கு 8000 சாம்பிள் என்ற கணக்கில் பதிவானது. தொலைபேசி அழைப்புப் பதிவுகள் பல இப்படித்தான். ஆப்ஜெக்ட்ஸ் சாளரத்தில் 'இன்ஃபோ' அழுத்தினால் சாம்பிளிங் எண் தெரியும். அதில் பாதிக்கு மேல் எந்த அலைவரிசையும் இருக்க முடியாது. 'ரீசாம்பிள்' செய்து 44100 ஆக்கினாலும் எண் மட்டும்தான் மாறும், இழந்த ஒலி வராது. இன்ஃபோவில் 44100 என்றே இருந்து படத்தில் 4000-இல் வெட்டு தெரிந்தால், யாரோ முன்பே அப்படி மாற்றியிருக்கிறார்கள் அல்லது ஒலி வழியில் எங்கோ சுருங்கியிருக்கிறது. உயிரெழுத்துகளின் முதல் இரண்டு ஃபார்மண்டுகளுக்கு இந்தப் பதிவு போதும். 'ஸ', 'ஷ' ஆய்வுக்கு வேறு பதிவு தேவை.

சிவப்புப் புள்ளிகள் பட்டையின் மேல் உட்காரவில்லை

ஃபார்மண்ட் புள்ளிகளைப் பற்றி வரும் குழப்பங்களுக்கு அளவில்லை, ஆனால் திருப்ப வேண்டியவை இரண்டே எண்கள்: 'ஃபார்மண்ட் சீலிங்', 'நம்பர் ஆஃப் ஃபார்மண்ட்ஸ்'. இவற்றைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். 5000 ஹெர்ட்ஸுக்குள் 5 ஃபார்மண்ட் தேடு என்றால், சராசரியாக 1000 ஹெர்ட்ஸுக்கு ஒன்று இருக்கும் என்று பிராட்டிடம் சொல்கிறீர்கள். வயதுவந்த ஆணின் குரல்பாதை நீளத்துக்கு அது பொருந்தும். பெண்களின் குரல்பாதை குட்டையானது, ஃபார்மண்டுகள் விலகி நிற்கும், ஆகவே சீலிங் 5500. சின்னக் குழந்தைக்கு 8000 வரைகூடப் போகலாம். ஸ்டாண்டர்ட்ஸ் பொத்தான் தருவது 5500 என்பதை மறக்க வேண்டாம், ஆண்குரலுக்கு நீங்களே 5000 ஆக்க வேண்டும். 8000 சாம்பிள் தொலைபேசிப் பதிவுக்கு சீலிங் 4000, எண்ணிக்கை 4.

பட்டையே இல்லாத வெள்ளை இடத்தில், முதல் ஃபார்மண்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு புள்ளிவரிசை ஓடினால், அளவுக்கு அதிகமாகத் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது சீலிங்கை உயர்த்துங்கள். பின்னுயிர்களான 'உ', 'ஓ' சொல்லும்போது முதல் இரண்டும் ஒட்டியிருக்கும். அங்கே இரண்டு பட்டைக்கு ஒரே வரிசை ஓடினால் தேடுவது போதவில்லை என்று பொருள்.

'பழம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ப'வுக்கு அடுத்த அகரத்தில் ஆண்குரலின் மூன்றாவது ஃபார்மண்ட் 2500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். நா வளைந்து 'ழ'வை நெருங்க நெருங்க அந்தப் பட்டை கீழே சரியும், 2000-க்குக் கீழேகூட வரும், இரண்டாவது ஃபார்மண்டை ஏறக்குறையத் தொட்டுவிடும். கண்ணுக்கு அந்தச் சரிவு தொடர்ச்சியாகத் தெரிகிறது. புள்ளிகளோ பாதி வழியில் சட்டென்று 3000-க்கு மேலே தாவுகின்றன. 'ழ'வுக்கு மூன்றாவது ஃபார்மண்ட் உயர்கிறது என்று அட்டவணையில் ஏறிவிடும். நடந்தது வேறு: இரண்டும் மூன்றும் ஒட்டியதால் பிராட் அவற்றை ஒன்றாக எண்ணி, நான்காவதை மூன்றாவது என்று பெயரிட்டுவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள, தாவல் நடந்த இடத்தில் சொடுக்கி, கண்ட்ரோல்+எல் அழுத்துங்கள். அந்தக் கணத்தின் நிறமாலை தனிச் சாளரத்தில் திறக்கும். 1500-க்கும் 2200-க்கும் இடையில் அகன்ற ஒரே மேடு, அல்லது ஒட்டிய இரட்டை மேடு இருந்தால் சந்தேகம் உண்மை. இப்போது எண்ணிக்கையை 5-லிருந்து 5.5 ஆக்குங்கள். பிராட் அரை எண்ணையும் ஏற்கும். போதாவிட்டால் 6. பெரும்பாலும் இதில் இரண்டும் பிரிந்துவிடும். பிறகு எஃப்1, எஃப்2, எஃப்3 விசைகள் கர்சர் உள்ள இடத்தின் ஃபார்மண்ட் மதிப்பைத் தரும்.

இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. எதிர்பார்த்த எண் வரும்வரை சொல்லுக்குச் சொல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால் அளவீட்டுக்குப் பொருளில்லை. ஒருவரின் நாலைந்து சொற்களில் பார்த்து, அவருக்கு ஒரு சீலிங், ஒரு எண்ணிக்கை என்று முடிவுசெய்து, கடைசிவரை அதையே வையுங்கள். அதற்கும் அடங்காத இடங்களைக் கையால் படித்து, கையால் படித்தது என்று குறியிடுங்கள்.

நீலக் கோடு பாதியில் விழுகிறது அல்லது இரட்டிப்பாகத் தாவுகிறது

நீலக் கோடு காட்டுவது பிட்ச். அது சரியா என்று அலைவடிவத்திலேயே பார்த்துவிடலாம். 0.05 நொடி தெரியும்வரை நெருங்குங்கள். ஒரு முழுச் சுற்றை, மேட்டிலிருந்து அடுத்த அதே மேடு வரை, தேர்ந்தெடுங்கள். மேலே தேர்வின் நீளமும் பக்கத்திலேயே அதன் தலைகீழ் எண்ணும் தெரியும். 0.005 நொடி என்றால் 200. நீலக் கோடு 100 என்று காட்டினால் பாதியாக விழுந்திருக்கிறது, தரை எல்லையை உயர்த்துங்கள். 400 என்று காட்டினால் மேல் எல்லையை இறக்குங்கள். ஆண்குரலுக்கு 75–300, பெண்குரலுக்கு 100–500 என்பது பிராட் கையேடே நெடுநாளாகச் சொல்லிவந்த அளவு. 6.4 பதிப்பிலிருந்து வேறு கணக்கு முறையும் 50–800 என்ற அகன்ற எல்லையும் வந்துள்ளன. பழைய அளவீடுகளோடு ஒப்பிடும் வேலை என்றால் எந்தப் பதிப்பு, எந்த முறை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

யாரும் பேசாத இடைவெளியில் 100 ஹெர்ட்ஸில் அசையாமல் ஒரு நேர்கோடு ஓடினால் அது மின்சார ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அந்த இடங்களை அளவீட்டில் சேர்க்காதீர்கள்.

அகலத்தை மாற்றினால் பிட்ச் கோட்டின் ஓரங்கள் சற்று மாறுவதும் இயல்பே. எடிட்டர் தெரியும் பகுதியை மட்டும் வைத்துப் பாதையைத் தேடுகிறது. வெளியிடப் போகும் எண்களுக்கு ஆப்ஜெக்ட்ஸ் சாளரத்தில் முழு ஒலிக்கும் பிட்ச் கணக்கிட்டு அதிலிருந்து எடுங்கள்.

அலைவடிவம் தட்டையான கோடாக இருக்கிறது

கேட்டால் பேச்சு கேட்கிறது, படமும் வருகிறது, அலைவடிவம் மட்டும் தட்டை. 'சவுண்ட் ஸ்கேலிங்' பெட்டியைத் திறந்து 'பை விண்டோ' ஆக்குங்கள். அலை நடுக்கோட்டிலிருந்து விலகி ஒரு பக்கமாக மிதந்தால் 'சப்ட்ராக்ட் மீன்' செய்தால் சரியாகும்.

கட்டுரைக்கு எடுத்த படத்தில் எண்கள் வெட்டுப்படுகின்றன

திரையைப் படம்பிடித்து ஒட்டாதீர்கள். 'பெயிண்ட் விசிபிள் ஸ்பெக்ட்ரோகிராம்' கட்டளை பிக்சர் சாளரத்தில் இளஞ்சிவப்பு எல்லைக்குள் வரையும். ஓர எண்களும் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். எழுத்து நெருக்கியடித்தால் முதலில் எல்லையைப் பெரிதாக இழுத்து, அல்லது எழுத்தளவைக் குறைத்து, பிறகு வரையுங்கள். வரைந்த பின் எல்லையை மாற்றினால் பழைய படம் மாறாது, புதியது அதன் மேலேயே விழும். 'இரேஸ் ஆல்' கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அச்சுக்கு 600 புள்ளி பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள்.

எடிட்டரில் அந்த நேரத்தில் இருந்த செட்டிங்குகள்தான் படத்திலும் வரும். படத்தின் அடிக்குறிப்பில் அவற்றை எழுதிவிடுங்கள்: விண்டோ லெங்த் 0.005 நொடி, வியூ ரேஞ்ச் 0–5000 ஹெர்ட்ஸ், டைனமிக் ரேஞ்ச் 50 டெசிபெல், ஆட்டோஸ்கேலிங் இல்லை, சீலிங் 5000 ஹெர்ட்ஸ், ஃபார்மண்ட் 5.5.